யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு தேசிய நூதனசாலைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் குலுங்கிப் போய், முக்கால் மணித்தியாலத்தில் நூதனசாலையைச் சுற்றி முடித்துவிட்டு, மிச்ச நாளைப் புடவைக்கடையில் கழிப்பதுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் வழமையான கொழும்புப் பயணம். பிறகு பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "சிங்காசனம்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. குற்றம் பிள்ளைகளில் இல்லை. ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு முன்னால், நித்திரை கொள்ளாத கண்ணோடு, எதைத் தேடி வந்தோம் என்று தெரியாமல் நடந்தால் பெரியவர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே முதலிலேயே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஆறேழு பொருட்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். மற்றவை வழியில் கண்ணில் பட்டால் படட்டும். கீழே உள்ள ஒழுங்கு அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: நாவலர் வீதியில் தொடங்குங்கள்

கொழும்புக்கு ரிக்கற் எடுக்க முன்னர், ஒரு வாரம் முந்தியாவது, யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் நாவலர் கலாசார மண்டபத்தை ஒட்டியுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சின்ன இடம். முக்கால் மணித்தியாலம் தாராளம். வாசற்பக்கம் பழைய பீரங்கிகளும் திமிங்கில எலும்பும் கிடக்கும். உள்ளே கந்தரோடைப் பக்கம் கிடைத்த சிலைத் துண்டுகள் இருக்கின்றன. தொல்லியல் திணைக்களத்தின் அருங்காட்சியகங்கள் செவ்வாயில் பூட்டியிருப்பது வழக்கம். அன்று போகவேண்டாம்.

இங்கே நோக்கம் பொருட்களை மனப்பாடம் செய்வதல்ல, பார்க்கப் பழகுவது. ஒரு பொருளுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? எந்த இடம் உடைந்திருக்கிறது? இதை யார், எதற்குப் பயன்படுத்தியிருப்பார்கள்? விளக்கப் பலகையை அதற்குப் பிறகுதான் வாசிக்கவேண்டும். பலகையை முதலில் வாசித்தால் கண் அதோடு நின்றுவிடும்.

அதே நாள் பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனால் இன்னும் நல்லது. 1618 அளவில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணக் கோட்டையாக விரித்தார்கள். மதிலுக்குக் கிட்டப் போய் ஒரு கல்லை உற்றுப் பாருங்கள். வெட்டிய கல்லின் முகத்தில் தேன்கூடு மாதிரிச் சிறு சிறு குழிகள் தெரியும். அது முருகைக்கல். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது. கருங்கல் கிடைக்காத குடாநாட்டில் கோட்டையும் அந்தக் கல்லால் கட்டியதுதான், கந்தரோடைத் தாதுகோபங்களும் அப்படித்தான். இதைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை, கொழும்பில் அனுராதபுரத்துக் கருங்கல்லைக் கண்டதும் வித்தியாசத்தைத் தானே சொல்லும்.

படி 2: நாளைத் தெரிவு செய்தல்

அதிகம் பிழைப்பது இதில்தான். நூதனசாலை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். அரச விடுமுறை நாட்களில் திறப்பதில்லை. பௌர்ணமி அரச விடுமுறை. தைப்பொங்கலும் தீபாவளியும் அப்படித்தான். நாங்களோ கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லீவு என்று அந்த நாளைத்தான் பார்த்து பஸ் ஏறுகிறோம். விடிய இறங்கிக் குளித்து வெளிக்கிட்டுப் போனால் படலை பூட்டு. கலண்டரில் போயா அடையாளத்தைப் பார்த்துவிட்டே நாளைக் குறியுங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது பழைய வழமை. இப்போது அப்படியில்லை.

பாடசாலைத் தவணை நடக்கும் காலத்தில் கிழமை நாட்களில் ஒன்பதரையிலிருந்து மதியம்வரை பள்ளிக்கூட பஸ்கள் வந்து குவியும். நூறு பிள்ளைகள் ஒரே கூடத்துக்குள் நின்றால் ஒன்றும் பார்க்க ஏலாது. அப்படியானால் 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போங்கள், அல்லது மதியத்துக்குப் பிறகு போங்கள். பின்னேரம் போகிறவர்கள் மூன்று மணிக்குப் பிந்தாதீர்கள். கடைசி அரை மணித்தியாலத்தில் காவலர்கள் வாசற்பக்கமாக ஆட்களை ஒதுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பாடசாலைக் குழுவாகப் போகிறவர்கள் அதிபரின் கடிதத்தைத் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, பிரதியைக் கையிலும் கொண்டுபோங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு, பொறுப்பாசிரியர் பெயர், வரும் நேரம் நான்கும் அதில் இருக்கவேண்டும். தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். வாசலில் வந்து நின்று கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம்.

படி 3: போய்ச் சேர்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்கள் பெரும்பாலும் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கும். ஐந்து மணிக்கு இறங்கினால் நூதனசாலை திறக்க இன்னும் நான்கு மணித்தியாலம். அந்த இடைவெளிக்கு முன்கூட்டியே வழி பார்க்காவிட்டால் அன்றைய நாளே கெட்டுவிடும். சொந்தக்காரர் வீடு இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் லொட்ஜ் அறை ஒன்றைக் காலை நேரத்துக்கு மட்டும் எடுங்கள். குளித்து, பிள்ளைகளை இரண்டு மணித்தியாலமாவது படுக்கவிட்டு, சைவக் கடையில் இடியப்பமோ தோசையோ சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு வெளிக்கிடலாம். நித்திரையை மிச்சம் பிடித்தால் பத்தரை மணிக்குப் பிள்ளை தரையில் குந்திவிடும்.

நூதனசாலை கொழும்பு 7இல், சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள். ஓட்டோவுக்கு பிக்மீ என்ற போன் செயலியில் போட்டால் பேரம் பேசத் தேவையில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் காலி வீதியில் 100ஆம் இலக்கத்தில் கொள்ளுப்பிட்டிவரை வந்து அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். ரயிலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு 138 மகரகம பஸ் வசதி. கொழும்புப் பொது நூலகத்தடியில் இறங்கி நடக்கலாம். ஓட்டோக்காரரிடம் "மியூசியம்" என்று மட்டும் சொல்லாமல் "நெஷனல் மியூசியம், கொழும்பு ஏழு" என்று சொல்லுங்கள். கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் வேறு நூதனசாலைகளும் உண்டு.

படி 4: வாசலில்

தேசிய அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும். உள்ளூர்க் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் பல மடங்கு வித்தியாசம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பா எவ்வளவு நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசினாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் வெளிநாட்டவர் ரிக்கற்தான். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் அதற்கான அத்தாட்சியைக் காட்டவேண்டும். கவுண்டரில் சண்டை பிடித்து ஆவதொன்றுமில்லை, வரிசைதான் நீளும். அதே வளவில் பின்பக்கமாக இயற்கை வரலாற்று நூதனசாலை தனிக் கட்டடமாக இருக்கிறது. அதையும் பார்ப்பதென்றால் இரண்டுக்கும் சேர்த்த ரிக்கற் உண்டா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். பெரிய பையைக் கவுண்டரில் வைக்கச் சொல்வார்கள். பணம், போன், மருந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். குறிப்பெடுக்கப் பென்சிலும் ஒரு சிறு கொப்பியும் போதும்.

கட்டடத்தையே முதலில் ஒருதரம் தூர நின்று பாருங்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியில், ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர் இத்தாலியப் பாணியில் வரைந்தது. 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற ஒப்பந்தக்காரர். வெள்ளை வளைவுகளுக்கு முன்னால் போட்டோ எடுக்கிறவர்கள் இப்போதே எடுத்து முடியுங்கள். வெளியே வரும்போது வெயில் ஏறி முகமெல்லாம் கறுத்துத் தெரியும்.

போட்டோ பற்றி இரண்டு விடயம். பிளாஷை நிறுத்திவிடுங்கள். பழைய துணியும் ஓவியமும் வெளிச்சத்தில் மங்கும், கண்ணாடிப் பெட்டியில் அடித்தால் உங்கள் படமும் வெள்ளையாகத்தான் வரும். மற்றது, நுழைந்ததும் மண்டபத்தில் இருக்கும் தொழுவில புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்கக்கூடாது. தெரியாமல் செய்தாலும் பார்ப்பவர்களுக்கு அது அவமரியாதை. காவலர் சத்தம் போடுவார். பிள்ளைகளுக்கு வாசலிலேயே சொல்லிவையுங்கள்.

படி 5: கீழ்த்தளம், நிதானமாக

கீழ்த்தளக் கூடங்கள் காலவரிசையில் போகும்: கற்காலம், ஆதிவரலாறு, அனுராதபுரம், பொலன்னறுவை, இடைக்கால இராசதானிகள், கண்டி. ஆறாம் வகுப்பிலிருந்து வரலாற்றுப் புத்தகம் படித்த பிள்ளைக்கு இந்த வரிசை பழக்கமானதுதான். முதல் இரண்டு கூடங்களிலேயே ஒரு மணித்தியாலத்தைச் செலவழித்துவிட்டு, பொலன்னறுவைக்கு வரும்போது களைத்துப்போவதுதான் பொதுவாக நடப்பது. கற்கால எலும்பும் கல்லாயுதமும் பத்து நிமிடம், அனுராதபுரம் பதினைந்து. நேரத்தைப் பொலன்னறுவைக்கு மிச்சம் பிடியுங்கள்.

பொலன்னறுவைச் சிவாலயங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச். சி. பி. பெல் தொல்லியல் ஆணையாளராக இருந்தபோது, நிலத்துக்கடியிலிருந்து எடுத்த வெண்கலங்கள் இங்கே இருக்கின்றன. நடராசர், உமை, நாயன்மார், காரைக்காலம்மையார். தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளைக்கு இவற்றை அடையாளம் காணப் பலகையே தேவையில்லை. தோளில் உழவாரம் சாத்தியிருந்தால் அப்பர். குழந்தை உருவம் சம்பந்தர். மாப்பிள்ளைக் கோலத்தில் நகை அணிந்து நிற்பவர் சுந்தரர். கையில் ஏடு இருந்தால் மாணிக்கவாசகர். எலும்பும் நரம்புமாய்ச் சப்பணமிட்டுக் கையில் தாளத்தோடு இருப்பவர் காரைக்காலம்மையார். பெயர்களை நீங்கள் சொல்லவேண்டாம். "ஆர் இவர்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

பிறகு பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோலோ கயிறோ கோப்பதற்கான வளையமோ துவாரமோ இருக்கிறதா? இருந்தால் அது தூக்கிப் போவதற்கு. மூலஸ்தானத்தில் அசையாமல் இருந்ததல்ல, எங்கள் கோயில் எழுந்தருளி மாதிரித் திருவிழாவில் வீதி சுற்றிவந்த விக்கிரகம். நல்லூர்த் தேரைப் பார்த்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது செய்முறை. இவை மெழுகு வார்ப்பு. உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசி, காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓட, அந்த வெற்றிடத்துக்குள் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். விரல்நுனி, திருவாசியின் சுடர்நுனி போன்ற மெல்லிய இடங்களைக் கவனியுங்கள். உலோகம் போய்ச்சேர்வது கடினமானதும், பின்னாளில் முதலில் முறிவதும் அந்த இடங்கள்தான்.

அடுத்து காலி மும்மொழிக் கல்வெட்டு. இதற்கு இருபது நிமிடம் கொடுத்தாலும் தகும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு வந்த கல். 1409ஆம் ஆண்டுத் தேதி பொறிக்கப்பட்டது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான்: 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. ஆனால் ஏற்பவர் வேறு. சீனத்தில் புத்தர், பாரசீகத்தில் அல்லாஹ், தமிழில் தெனவரை நாயனார், அதாவது தெற்கே தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த திருமால். ஒரே கல்லில் மூன்று மதத்தவருக்கும் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்த இந்த இராஜதந்திரத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கப்படுத்தலாம்.

வாசிக்க முயன்றால் முதலில் ஒன்றும் பிடிபடாது. நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் எழுத்தின் குழியில் நிழல் விழுத்தும் கோணத்தைத் தேடுங்கள். புள்ளி இராது, ஆகவே மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோல இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். இடையிடையே கிரந்த எழுத்தும் வரும். அதிகம் மாறாத ட, ப, ம மூன்றையும் முதலில் தேடிப் பிடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் கூட்டுங்கள். ஒரு சொல் பிடிபட்டாலே போதும்.

யாழ்ப்பாணத்தவர்கள் தேடிப் பார்க்கவேண்டிய இன்னொரு கல் கொட்டகமவினுடையது. கேகாலைப் பகுதியில் கிடைத்த தமிழ் வெண்பாக் கல்வெட்டு. சிங்கைநகர் ஆரியனைச் சேராத அனுரேசர் என்ற அரசரின் மாதர் கண்ணீர் வடித்ததைப் பாடுகிறது, அதாவது யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றிப் பாட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி. பாட்டுக்கு முன்னால் தலைப்பு மாதிரி "சேது" என்ற சொல் இருக்கும். காட்சிப் பொருட்களை இடம் மாற்றுவார்கள், அதனால் சுற்றித் திரிந்து களைக்காமல் காவலரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் "கொட்டகம செல்லிபிய கொஹேத?" (கொட்டகமக் கல்வெட்டு எங்கே?) என்றால் அவருக்கு விளங்கும். "போட்டோ கன்ன புளுவன்த?" என்றால் படம் எடுக்கலாமா என்று அர்த்தம். இந்த இரண்டு வசனமும் நாள் முழுவதற்கும் போதும். பணிவாகக் கேட்டால் வழியும் காட்டுவார்கள், சிலவேளை கூடவே வந்து நிற்பார்கள்.

கண்டிக் கூடத்தின் சிங்காசனத்துக்கு முன்னால் எப்போதும் கூட்டம்தான். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழியினன், இயற்பெயர் கண்ணுசாமி. வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். கூட்டத்தில் இடிபட்டு முன்னால் போவதை விட, ஒரு பள்ளிக்கூடக் குழு நகரும்வரை பொறுத்து நின்றால் ஐந்து நிமிடம் தனியே கிடைக்கும். கைப்பிடிகளில் இருக்கும் சிங்கங்களை அப்போது வடிவாகப் பார்க்கலாம்.

படி 6: மேல்மாடியும் இளைப்பாறலும்

இந்தக் கட்டத்தில் வெளியே வந்து பதினைந்து நிமிடம் இருங்கள். வளவில் விழுதுவிட்ட பெரிய ஆலமரங்கள் உண்டு. தண்ணீர் குடித்து, பிஸ்கற் சாப்பிட்டு, பிள்ளைகளை ஓடவிடுங்கள். வெளியே வர முன்னர் ரிக்கற்றைக் காட்டித் திரும்ப உள்ளே வரலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புப் புழுக்கம் எங்கள் வெக்கையைப் போலல்ல, வேர்வை காயாது. முழங்கால் நோ உள்ள அம்மம்மாமார் கீழ்த்தளத்தோடு நிறுத்தினாலும் பெரிய நட்டமில்லை.

மேலே நாணயம், துணி, பீங்கான், ஆயுதம், முகமூடி என்று போகும். முகமூடிகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றவற்றில் நாணயத்துக்கு மட்டும் நில்லுங்கள். யாழ்ப்பாண அரசரின் சேது நாணயத்தில் ஒரு பக்கம் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே "சேது" என்ற எழுத்தும் இருக்கும். கீழே கல்லில் தேடிய அதே சொல். நாணயம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். போனின் கமராவால் உருப்பெருக்கிப் பார்ப்பது வெறுங்கண்ணை விட நல்லது. கண்ணாடியில் உங்கள் நிழலே விழுந்து மறைக்கும், கடும்நிறச் சட்டை போட்டிருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

விளக்கப் பலகைகள் மும்மொழியிலும் இருக்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் இரண்டையும் வாசியுங்கள், தமிழில் எழுத்துப் பிழையோ விடுபட்ட தகவலோ கண்ணில் படலாம். அப்படிக் கண்டால் முகநூலில் போட்டுக் கொதிப்பதை விட, பொருளின் பெயர், பதிவெண், பிழையான சொல், சரியான சொல் நான்கையும் குறித்துத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பலகை என்று தெரிந்தால்தான் அவர்களால் திருத்த முடியும்.

பட்டப்படிப்பு, ஆய்வு என்று வருகிறவர்களுக்குக் கூடங்களை விட அங்குள்ள நூலகம் பிரயோசனம். 1885 முதல் இலங்கையில் அச்சான நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி சேர்த்துவரும் நூலகம் அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன பழைய தமிழ்ப் பதிப்பு ஒன்றைத் தேடுகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். ரிக்கற் எடுத்து நேரே போய் இருக்க முடியாது. பல்கலைக்கழகத் துறைத்தலைவரின் கடிதம், அடையாள அட்டை, பார்க்கவேண்டிய நூல்களின் பெயரும் அச்சான ஆண்டும் எழுதிய பட்டியல் மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பதில் வந்தபின் பஸ் சீற் போடுங்கள்.